அண்ணத்துச் சதை

டாக்டர் கொடுத்த முகம் பார்க்கும் கண்ணாடியை சூப்பர்வைசர் அக்கா வெகுநேரம் கீழே வைக்கவில்லை. பனியன் கம்பெனி வேன் கவிழ்ந்ததில் மேல்வரிசை முன்பற்களும் அவற்றைத் தாங்கிய எலும்பும் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. கழற்றி மாட்டும் பல்செட்டுக்கு அடியில் ஈறு எவ்வளவு பள்ளமாகிவிட்டது என்பதை அன்றுதான் அவர் சரியாகப் பார்த்தார். துணைக்குப் போன நானும் பார்த்தேன். கட்டைவிரலால் அழுத்திய மாவு போல இருந்தது.

விபத்துக்கு முன் தையல் மெஷின் சத்தத்துக்கு மேல் கேட்கும் குரலாம் அவருடையது. பல்செட் ஆடிவிடுமோ என்ற பயத்தில் பிறகு கையைக் காட்டியே வேலை வாங்கினார். தென்காசிப் பக்கமிருந்து வந்து தையலுக்குச் சேர்ந்த புதிதில் நான் அவரை ஊமை என்றே நினைத்திருந்தேன்.

பள்ளத்தின் மேல் அப்படியே நிலையான பல் கட்டினால் பல் நீளமாகத் தெரியும், அடியில் சோறு தங்கும், பேச்சில் காற்று போகும் என்றார் டாக்டர். வாயின் மேற்புறமான அண்ணத்திலிருந்து கொஞ்சம் சதை எடுத்து ஈற்றில் வைத்துத் தைத்து, அது ஒட்டி ஆறியபின் கட்டலாம். ஒட்டாமலும் போகலாம் என்பதை அவர் மறைக்கவில்லை. இருக்கிற செட்டே போதுமே என்று வீட்டுக்காரர் கேட்டதற்கு, "எனக்குப் பத்தாதுங்க" என்று அக்கா முடித்துவிட்டார்.

அறுவை முடிந்தபின் ஈற்றைவிட அண்ணம்தான் அதிகம் வலித்தது. ஆறிய கஞ்சியும் மோருமாக ஓட்டினார். வேலைக்குத் திரும்பியதும் என்னைக் கை கழுவும் இடத்துக்குக் கூட்டிப்போய் உதட்டைத் தூக்கிக் காட்டினார். வைத்த சதை தண்ணீரில் ஊறிய தோல் போல வெளுத்திருந்தது.

"செத்துப்போச்சா கண்ணு? பாத்துச் சொல்லு."

அன்று மாலையே இருவரும் டாக்டரிடம் போனோம். டாக்டர் ஈரப் பஞ்சால் மெல்லத் துடைத்தார். மேல்தோல் உரிந்து வந்தது. அடியில் இளஞ்சிவப்பாக உயிர் இருந்தது. அக்கா அங்கேதான் அழுதார். ஒரு ஓரம் மட்டும் சரியாக ஒட்டவில்லை. அந்தச் சின்னக் குழியைப் பல்லே மறைத்துவிடும் என்றார் டாக்டர். சில மாதங்கள் தற்காலிகப் பல்லோடு ஈற்றைச் சரியான வடிவுக்குக் கொண்டுவந்த பிறகே நிலையான பல் வந்தது.

இப்போது அக்கா வீரபாண்டியில் ஒரு தையல் யூனிட்டுக்கே பொறுப்பாளர். நானும் அங்கேதான். சென்ற மாதம் எல்லோருக்கும் புது அடையாள அட்டைக்குப் படம் எடுத்தார்கள். தன் முறை வந்தபோது அக்கா பல் தெரியச் சிரிக்க, படம் எடுப்பவர், "வாயை மூடிக்குங்க மேடம்" என்றார்.

"வேண்டாங்க," என்றார் அக்கா. "இப்படியே எடுங்க."