என் பெயர் வெட்டிய ஸ்பூன்

என் சமையலறை இழுப்பறையில் ஒரு சின்ன எவர்சில்வர் ஸ்பூன் கிடக்கிறது. குழந்தைக்கு மருந்து புகட்டும் அளவுதான் இருக்கும். அதன் காம்பில் புள்ளி புள்ளியாக என் பெயர் வெட்டியிருக்கிறது. பார்க்கிறவர்கள் நான் கைக்குழந்தையாக இருந்தபோது வாங்கியது என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் திருத்துவதில்லை. திருத்த வேண்டியதைத் திருத்தாமல் விடுவதில் எனக்குப் பல வருடப் பழக்கம் உண்டு. உண்மையில் அதை வாங்கும்போது எனக்கு இருபத்து நான்கு வயது. வாங்கியவர் என் அண்ணி, அதுவும் தான் சாப்பிடுவதற்காக.

எண்பதுகளின் தொடக்கத்தில், எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது, அண்ணி எங்கள் கள்ளிக்குப்பம் வீட்டுக்கு மருமகளாக வந்தார். அம்மா இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அண்ணன் அண்ணனூர் ரயில் கார் ஷெட்டில் வேலை பார்த்தார். எனக்குத் தலை பின்னி, சோறு ஊட்டி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, வயதுக்கு வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து எல்லாம் சொல்லிக்கொடுத்தவர் அண்ணிதான். அவருக்குக் குழந்தை பிறக்கவில்லை. அதைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், "அதான் இவ கீறாளே" என்று என்னைக் காட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

அடுத்த பதினைந்து வருடத்தில் அண்ணி உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அண்ணனின் ஷிப்ட், என் பள்ளிக்கூடம், தண்ணீர் லாரி, அப்பாவின் மாத்திரை என்று எல்லாம் முடிந்த பிறகு, அடுப்பு மேடையில் சாய்ந்தபடி, குழம்புச் சட்டியிலேயே சோற்றைப் போட்டுப் பிசைந்து நாலு நிமிடத்தில் முடித்துவிடுவார். மென்றாரா என்பதே சந்தேகம். வெளியே லாரியின் ஹாரன் கேட்டால் வாயிலிருப்பதை அப்படியே விழுங்கிவிட்டுக் குடத்தோடு ஓடுவார். உடம்பு வருடத்துக்கு வருடம் ஏறியது. முழங்கால் போனது, சர்க்கரை வந்தது. அண்ணனூர் ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஏறும்போது மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்குவார். இந்தப் பாலத்தை ஒரே மூச்சில் ஏற வேண்டும், அவ்வளவுதான் தன் ஆசை என்பார். நாங்கள் சிரிப்போம்.

தொண்ணூறுகளின் பின்பாதியில், முழங்காலுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர்தான் அந்த ஆபரேஷனைப் பற்றிச் சொன்னார். இரைப்பையைக் காகிதத்துக்கு அடிப்பது போல வரிசையாகப் பின் அடித்து, ஒரு முட்டை கொள்ளும் அளவுக்குச் சிறிதாக்கிவிடுவார்களாம். எங்கள் பக்கத்தில் அப்படி ஒன்றை யாரும் கேள்விப்பட்டதே இல்லை. அண்ணன் பயந்தார், அண்ணி பயப்படவில்லை. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது அங்கிருந்த நர்ஸ் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்: சின்ன ஸ்பூனில்தான் சாப்பிட வேண்டும், ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மெல்ல வேண்டும், விழுங்கிய பிறகு ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், சாப்பாட்டுக்கு நடுவில் தண்ணீர் கூடாது. அவசரப்பட்டால் உள்ளே அடைத்துக்கொள்ளும் என்று இரண்டு முறை சொன்னார்.

ஸ்பூன் வாங்க அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு பாத்திரக் கடைக்குப் போனோம். கடைக்காரர், "கொயந்தைக்கா?" என்று கேட்டார். அண்ணி ஒரு நொடி தயங்கிவிட்டு, "ஆமா" என்றார். "பேரு வெட்டித் தரேன், இன்னா பேரு?" என்றார் அவர். அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு என் பெயரைச் சொன்னார். கடைக்காரர் டொக் டொக்கென்று வெட்டிக் கொடுத்தார். வெளியே வந்து இருவரும் பஸ் ஸ்டாப் வரைக்கும் சிரித்தோம்.

மூன்று வாரம் வெறும் திரவ ஆகாரம். அதன் பிறகு கூழும் கஞ்சியும், பிறகு குழைத்த சோறு. அண்ணி அப்போதுதான் முதல்முறையாகத் தட்டைத் தன் முன்னால் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தார். நான் எதிரே உட்கார்ந்து, அவர் மெல்லும் ஒவ்வொரு வாய்க்கும் முப்பதுவரை எண்ணுவேன். பத்து வருவதற்குள் விழுங்கிவிடுவார். "எங்க போச்சி?" என்று கேட்பேன். "தானா உள்ள பூடுச்சி பாப்பா" என்று குற்றவாளி போலச் சொல்வார். அப்படி விழுங்கிய நாட்களில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, நுரைநுரையாகத் துப்பிவிட்டு வருவார். லாரி ஹாரன் கேட்டால் உடம்பு எழப்பார்க்கும், நான் கையைப் பிடித்து உட்காரவைப்பேன். "துன்றதுக்குன்னு இம்மா நேரம் உக்காந்துகினு இருக்கறது எனக்கே வெக்கமா கீது" என்றார் ஒருநாள். மெல்லக் கற்றுக்கொண்டார். எட்டு ஸ்பூன் சோற்றுக்கு முப்பது நிமிடம். கீரையில் பூண்டு இருப்பது இத்தனை வருடம் சமைத்தும் இப்போதுதான் தெரிகிறது என்றார்.

ஐந்தாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணி அண்ணனூர் பாலத்தில் எங்கும் நிற்காமல் ஏறிவிட்டார். மேலே போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கீழே போகும் யூனிட் ரயிலைப் பார்த்தபடி நின்றார். நான்தான் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தேன். அதற்கு அடுத்த மாதம்தான் என் நிச்சயதார்த்தம்.

மாப்பிள்ளை வீடு பூந்தமல்லி. அதற்கு முன்பு வந்த ஒரு வரன், அம்மா சின்ன வயதில் இறந்ததைக் கேட்டு, பரம்பரை வியாதியாக இருக்குமோ என்று நின்றுபோயிருந்தது. வீட்டில் வியாதி, ஆபரேஷன் என்று காதில் விழுந்தாலே இதுவும் நின்றுவிடும் என்ற பயம் எனக்குள் இருந்தது. ஆபரேஷனைப் பற்றி அவர்களிடம் மூச்சு விடக்கூடாது என்று வீட்டில் சொன்னது நான்தான். அண்ணன்கூட, சொன்னால் என்ன என்று கேட்டார். அண்ணிதான், "பாப்பா சொல்றா மாதிரியே இருக்கட்டும்" என்று முடித்துவிட்டார்.

நிச்சயம் முடிந்தால் இரண்டு வீட்டாரும் சேர்ந்து கை நனைக்க வேண்டும். அதுவரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் பச்சைத் தண்ணீரைத் தவிர வேறெதுவும் தொடமாட்டார்கள். அந்த முதல் சாப்பாட்டில் இலையில் மிச்சம் வைத்தால் சம்பந்தத்தில் மனக்குறை என்று அர்த்தம். அண்ணி பரிமாறுகிறேன் என்று நழுவப் பார்த்தார். மாமியாராக வரப்போகிறவர் விடவில்லை. "அம்மா ஸ்தானத்துல கீறவங்க நீங்க, எங்களோட உக்காருங்க" என்று கையைப் பிடித்து உட்காரவைத்தார். நடுவில் நான், ஒரு பக்கம் அவர், மறுபக்கம் அண்ணி. மண்டபம் சின்னது. அடுத்த பந்திக்காரர்கள் அப்போதே வந்து எங்கள் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். கேசரி, வடை, கூட்டு, பொரியல், மேலே சோறு என்று இலை நிறைந்தது.

அண்ணி மடியிலிருந்து கைக்குட்டையைப் பிரித்து ஸ்பூனை எடுத்தார். நான் மேசைக்குக் கீழே அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். "வேணாம் அண்ணி, எல்லாரும் பாக்கறாங்க" என்றேன். அவர் அதைத் திரும்ப மடித்து வைத்துவிட்டுக் கையால் சாப்பிட ஆரம்பித்தார். வரிசையில் எல்லோரும் ரசத்துக்குப் போய்விட்டார்கள், அண்ணி இன்னும் சாம்பாரில் இருந்தார். பின்னால் நின்றவர்களில் யாரோ செருமினார்கள். நான் அவர் தொடையில் அழுத்தினேன். ஒருமுறை இல்லை, மூன்று முறை. அண்ணி என்னைப் பார்த்தார். பிறகு வடையை எடுத்து, பழைய அண்ணியைப் போல, இரண்டே வாயில் விழுங்கினார். சோற்றையும் அப்படியே. இலை காலியாகிவிட்டது, எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆமாம், நிம்மதியாகத்தான் இருந்தது.

மோர் வருவதற்குள் அண்ணியின் முகம் வெளுத்து வியர்த்தது. வாயைப் பொத்திக்கொண்டு கை கழுவும் இடத்துக்கு ஓடினார். அந்தச் சத்தம் பந்தி முழுக்கக் கேட்டது. "அவங்களுக்கு இன்னாம்மா ஆச்சி?" என்று மாமியார் பதறி எழுந்தார். அப்போதுதான் என் வாயிலிருந்து அது வந்தது. "ஒண்ணுமில்ல அத்தை, அண்ணிக்கு சாப்பாட்டு ஆசை கொஞ்சம் ஜாஸ்தி. வடைய கண்டா கணக்கில்லாம துன்னுடுவாங்க." சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நிமிர்ந்தபோது அண்ணி தூணைப் பிடித்தபடி நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, அவரும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தார்.

வடை உள்ளே அடைத்துக்கொண்டது. மறுநாள் மருத்துவமனையில் வாய் வழியாகக் குழாய் விட்டு எடுத்தார்கள். யார் உங்களை அவசரப்படுத்தியது என்று டாக்டர் கேட்டார். தானே பேராசைப்பட்டுத் தின்றுவிட்டதாக அண்ணி சொன்னார். நான் அந்த அறையிலேயே இருந்தேன். அதன் பிறகு கெட்டியாக எதைப் பார்த்தாலும் அவருக்குப் பயம் வந்துவிட்டது. கஞ்சி, பால், ரோஸ்மில்க், ஐஸ்கிரீம் என்று வழுக்கிக்கொண்டு இறங்குவதாகப் பார்த்துச் சாப்பிட்டார். இறங்கிய எடை இரண்டே வருடத்தில் ஏறிவிட்டது. ஆபரேஷன் பண்ணியும் தண்டம் என்று தெருவில் பேசினார்கள். அண்ணனூர் பாலத்தில் மறுபடி மூன்று இடத்தில் நின்றார்.

என் மாமியார் நல்லவர், அதுதான் இதில் கொடுமை. அன்று நான் சொன்னதை அவர் அப்படியே நம்பிவிட்டார். நான் பூந்தமல்லியிலிருந்து அண்ணன் வீட்டுக்குக் கிளம்பும்போதெல்லாம் ஒரு தூக்கு நிறைய வடை சுட்டுக் கொடுப்பார். "உங்க அண்ணிக்கு உசுராச்சே" என்பார். நான் வாங்கிக்கொண்டு போவேன். அண்ணி அதைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிட்டு, தூக்கைக் கழுவி, அதில் கொஞ்சம் சர்க்கரை போட்டுத் திருப்பித் தருவார். "நல்லா இருந்திச்சின்னு சொல்லு பாப்பா" என்பார். நானும் போய்ச் சொல்வேன். எத்தனை தூக்கு, எத்தனை பொய். அந்த மண்டபத்துப் பேச்சைப் பற்றி அண்ணி ஒருநாளும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன்.

சில வருடங்களுக்கு முன்பு, சர்க்கரை சிறுநீரகத்தைத் தின்று, அண்ணி போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாள் காரியத்துக்கு, வயதான காலத்திலும் மாமியார் தன் கையால் வடை சுட்டு எடுத்து வந்தார். அண்ணியின் படத்துக்கு முன்னால் படையல் இலையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தார். ஐந்தாவது வடை வைக்கும்போது என்னால் முடியவில்லை. அண்ணி தன் சாமான்களை வைத்திருந்த டப்பாவிலிருந்து ஸ்பூனை எடுத்து வந்து, எல்லாவற்றையும் சொன்னேன். ஆபரேஷன், எட்டு ஸ்பூன், மேசைக்கு அடியில் என் கை, நான் சொன்ன பேச்சு, எல்லாம்.

மாமியார் இலையிலிருந்த வடைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தூக்கில் திரும்பப் போட்டார். "இத்தினி வருசமா அவங்க வாயில வெக்க முடியாததையா நான் குட்த்து அனுப்பிகினு இருந்தேன்?" என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அன்னிக்கே என் காதுல போட்டிருந்தா நானே கொழைய பெசஞ்சி குட்த்திருப்பனேம்மா. அதுக்காக உன்ன வேணாம்னா சொல்லியிருப்போம்?" என்றார். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் இலையில் எட்டு ஸ்பூன் தயிர்சோறு வைத்தேன்.

அன்று அண்ணன் அந்த ஸ்பூனை என்னிடமே கொடுத்துவிட்டார், பெயர் உன்னுடையதுதானே என்று. எப்போதாவது தனியாகச் சாப்பிடும்போது அதை எடுத்துவைத்து முப்பதுவரை எண்ணிப் பார்க்கிறேன். பதினைந்துக்குள் விழுங்கிவிடுகிறேன். அப்போதெல்லாம் அந்த மண்டபத்து மேசைதான் கண்முன் வருகிறது. நான் கையைப் பிடிக்காமல் இருந்திருந்தால் அண்ணி இதை எடுத்து இலையோரம் வைத்திருப்பார். யாராவது என்ன இது என்று கேட்டால், காம்பில் இருந்த பெயரைக் காட்டி, "இவளுக்கு ஊட்டி வளத்த ஸ்பூனு" என்று சொல்லிவிட்டு, அவர் பாட்டுக்கு மெதுவாக மென்றுகொண்டிருப்பார்.