பென்சன் சார் சொன்ன சாட்சி

பென்சன் சாருக்கு வாய் சும்மா இருக்காது. வார நாட்களில் எங்கள் கொடைக்கானல் பள்ளியில் என்னோடு உயிரியல் நடத்துவார். ஞாயிற்றுக்கிழமை அவருடைய சபையில் பிள்ளைகளுக்கு வேதப்பாடம். இரண்டு இடத்திலும் பாதிப்பேர் அதே பிள்ளைகள். ஒரு ஞாயிறு, ஒரு பெண் எழுந்து, "சார், நாம ஆதாம்ல இருந்து வந்தோமா, கொரங்குல இருந்தா?" என்று கேட்டுவிட்டாள். மழுப்பியிருக்கலாம். "கொரங்கும் நாமளும் ஒரே பாட்டன் வழி வந்தவங்கம்மா. ஆதாம் கதை, கடவுள் யாருன்னு சொல்ல எழுதினது" என்றார் மனுஷன்.

சபையே கொதித்தது. பாஸ்டர் அவரை நீக்கினார். நீக்கப்பட்டவர் குடும்பத்துக்குச் சபையின் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. "செத்த பெறகு எங்க கெடந்தா என்ன டீச்சர்?" என்று சார் என்னிடம் சிரித்தார். அந்தத் திமிர் எனக்குப் பிடித்திருந்தது.

அப்புறம்தான் அவர் மனைவி ஃபெமினாவுக்குப் புற்றுநோய் முற்றிவிட்டதென்று மதுரையில் கைவிரித்தார்கள். காய்ச்சலில் போன மகள் சுஜிதா அந்தத் தோட்டத்தில்தான் இருக்கிறாள். மகளுக்குப் பக்கத்தில் தன்னை வைக்க வேண்டும் என்பது ஒன்றுதான் ஃபெமினாவின் ஆசை.

சார் பாஸ்டரிடம் போய் நின்றார். "சபைக்கு முன்னாடி சாட்சி சொல்லுங்க சார். புள்ளைங்களுக்குச் சொன்னது பொய்னு சொல்லுங்க. எடத்துக்கு நான் பொறுப்பு" என்றார் அவர். சாகப்போகிறவளை வைத்துப் பேரம்!

நான் ஆர்.சி., கத்தோலிக்கப் பிரிவு. ஆனாலும் ஃபெமினாவைத் தாங்கிப் பிடிக்க அன்றைக்கு அந்தச் சபைக்குப் போயிருந்தேன். சார் மைக்கைப் பிடித்து, "தேவன் மனுஷனை மண்ணால உண்டாக்கினார். நான் சொன்னது பொய்" என்றார். குரல் பிசிறவில்லை. முன்வரிசையில் அவருடைய மாணவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஃபெமினா மட்டும் "ஸ்தோத்திரம்" என்று வாய்விட்டு அழுதாள். இடம் கிடைத்த சந்தோஷம் என்றுதான் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து படுக்க வைத்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "எடம் கெடைக்காட்டிக்கூடப் பரவால்லங்க. நீங்க நரகத்துக்குப் போயிட்டா, நானும் பாப்பாவும் பரலோகத்துல ஒங்களத் தேடிக்கிட்டே இருப்போமேன்னு பயந்து கெடந்தேன். நெசமா நம்பித்தான சொன்னீங்க?"

சார் என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நெசமாத்தான்" என்றார். இப்போது குரல் நடுங்கியது.

அந்த மாதமே அவளை மகளுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். நிம்மதியாகத்தான் போனாள்.

பரிணாமப் பாடம் வந்தபோது சார் புத்தகத்தை என் மேஜையில் வைத்தார்.

"இத நீங்க நடத்துங்க டீச்சர். நான் நடத்துனா, அவள ஏமாத்தித்தான் அனுப்பி வச்சேன்னு ஆயிரும்."