கண்ணாடி துடைத்த பொண்ணு

அரபு நாட்டுக்குக் கூலிக்குப் போனவுக உடம்பை அங்கத்து வெயில் என்ன செய்கிறது என்று ஆராய்ச்சி செய்ய ஒரு பொண்ணு பந்தல்குடி பஸ்ஸில் வந்து இறங்கியது. பேசுமுன் கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைக்கும். அங்கே வேலைக்காரர்களை அந்த நாட்டு டாக்டர்கள் பார்ப்பார்களாம். இங்கே குடும்பத்தை இது விசாரிக்குமாம்.

கூச்சத்தை விட்டுக் கேட்டேன். "என் மகனைப் பாத்தாகளாம்மா? நல்லா இருக்கானா?"

"பாத்தாகம்மா. ஆனா ஒருத்தர் உடம்பப் பத்தி வெளிய சொல்லக் கூடாது."

"பெத்தவகிட்டயுமா?"

அழுக்கே இல்லாத கண்ணாடியை மறுபடியும் துடைத்தது. "தண்ணி நெறையக் குடிக்கச் சொல்லுங்க."

போனில் மகனிடம் சொன்னேன். சிரித்தான். "வேலை எடத்துல ஒண்ணுக்கு ஒதுங்க எடமில்ல ஆத்தா. அதான் குடிக்கிறதில்ல."

அந்தப் பொண்ணு சொல்லாமல் போனது என்னவென்று இன்னும் தெரியவில்லை. போன் வந்தால், "தண்ணி குடிச்சியாப்பா?" என்று மட்டும் கேட்கிறேன். "குடிச்சேன்" என்கிறான்.