தமிழ் மட்டும் பேசிய வீடு

எங்கள் பெரியப்பாவுக்கு இரண்டு கவலைகள் இருந்தன. ஒன்று சர்க்கரை வியாதி. இன்னொன்று, இந்த நாட்டில் தமிழ் செத்துப்போய்விடும் என்பது. முதலாவதற்கு மாத்திரை சாப்பிட்டார். இரண்டாவதற்குத் தானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். கிள்ளானில் எங்கள் வீட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தபின் வேற்று மொழியில் ஒரு வார்த்தை பேசினாலும், கூடத்துப் பிள்ளையார் படத்துக்கு முன்னால் ஐந்து தோப்புக்கரணம் போட வேண்டும்.

பகலெல்லாம் ஷா ஆலமில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் மலாயிலேயே பேசி மலாயிலேயே எழுதிவிட்டு வருகிற மனிதர் அவர். வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போது மலாயையும் கழற்றி வைத்துவிடுவார். சந்தையைப் பாசார், லாரியை லோரி என்று வாய்தவறிச் சொல்லி நானும் அண்ணனும் தினமும் காதைப் பிடித்தோம். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து போட்டாள். பெரியப்பாவே ஒருமுறை யாரிடமோ ‘ஓகே’ என்று சொல்லிவிட்டு, முட்டி வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு ஐந்தையும் போட்டார். அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது.

இந்த வீட்டுக்குத்தான் சித்தி வாழ வந்தாள். எண்ணெய்க்கான செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிய சித்தப்பா, கேரித் தீவில் ஒரு மா மெரிப் பெண்ணைப் பார்த்துப் பிடித்துப்போய், கோயிலில் தாலி கட்டிக் கூட்டி வந்துவிட்டார். பூர்வகுடிப் பெண் என்று முதலில் முகம் சுளித்த பெரியப்பா, ஒரே வருஷத்தில் அவள் தமிழ் பேசுவதைக் கேட்டு உருகிப்போனார். என் வகுப்பில் பலருக்கு வராத ழகரம் சித்திக்கு வந்தது. விருந்தாளிகள் வந்தால் அவளைக் கூப்பிட்டு ‘வாழைப்பழம்’ சொல்லச் சொல்வார். அவளும் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுக் காப்பி கொண்டு வருவாள்.

ஒருநாள் ஜெஞ்சாரோம் பக்கத்திலிருந்து பூர்வகுடி அக்கா ஒருத்தி டுரியான் பழம் விற்க வந்தாள். பெரியப்பாவுக்குத் தாராள மனசு வந்துவிட்டது. அவளை உள்ளே உட்கார வைத்து, சித்தியைக் கூப்பிட்டார்.

“உங்க ஆளு வந்திருக்காங்கம்மா. இன்னிக்கு மன்னிப்பு. உங்க பாஷையிலயே பேசிக்குங்க.”

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு மலாயில் நலம் விசாரித்துக்கொண்டார்கள். பெரியப்பாவின் முகம் தொங்கிப்போனது. வந்தவள் தெமுவான் கூட்டத்தைச் சேர்ந்தவள், என் மொழி அவளுக்குத் தெரியாது, அவள் மொழி எனக்குத் தெரியாது என்று சித்தி பொறுமையாக விளக்கினாள். செமாய், தெமியார், ஜாக்கூன் என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பேச்சு உண்டாம். காட்டுக்காரர்களுக்கெல்லாம் ஒரே பாஷை என்றுதான் நாங்கள் எல்லோருமே நினைத்திருந்தோம். தன் மொழி அந்தக் கடலோரத்தில் சில கிராமங்களில் மட்டும்தான் இருக்கிறது, தன் வீட்டில் தங்கைகள்கூட மலாய்க்கு மாறிவிட்டார்கள், அம்மா ஒருத்திதான் தன்னோடு அதில் பேசுகிறாள் என்றும் சொன்னாள். பெரியப்பா பாவம் பாவம் என்று தலையசைத்தார். அப்புறம், “ஆனா மலாய்ல பேசிட்டியேம்மா” என்றார். அவர் மன்னித்தது அவளுடைய மொழியை மட்டும்தானே. சித்தி சிரித்துக்கொண்டே போய் ஐந்து போட்டாள்.

சித்திக்கு ஆண் குழந்தை பிறந்து, அது தூளியில் காலை உதைக்க ஆரம்பித்த சமயம், தீவில் அவள் அம்மாவுக்கு உடம்பு மோசமானது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்று சித்தி கேட்டாள். அவன் காதில் தன் அம்மா நாலு வார்த்தை பேச வேண்டும், அது போதும் என்று என் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். கார் எடுத்தால் ஒரு மணி நேரம்கூட ஆகாத தூரம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் பெரியப்பாவின் தமிழ்ச் சங்க விழா இருந்தது. தமிழின் பெருமையைப் பற்றிச் சித்தி மேடையில் பேசுவதாக ஏற்பாடு. அது முடிந்த கையோடு தானே காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றார் பெரியப்பா. எல்லோருக்கும் நியாயமாகத்தான் பட்டது. சித்தியும் சரி என்று சொல்லிவிட்டு, குழந்தையை ஆட்டிக்கொண்டே உரையை மனப்பாடம் செய்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் தொலைபேசி அடித்தது. சித்தி எடுத்தாள். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு தன் மொழியில் பேச ஆரம்பித்தாள். எங்கள் கூடத்தில் அந்த மொழியை அவ்வளவு நேரம் யாரும் கேட்டதில்லை. மெதுவாக, நிறுத்தாமல், பிள்ளையைத் தூங்க வைக்கிற குரலில் பேசினாள். பெரியப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, எங்களைப் பார்த்துக் கண்ணடித்தார்.

சித்தி ரிசீவரை வைத்தாள். அவளாகவே பிள்ளையார் படத்துக்கு முன்னால் போய்க் காதைப் பிடித்துக்கொண்டாள்.

“பாத்துக்குங்க, சொல்லாமலே போடுது. நீங்களும் தமிழ்ப் பிள்ளைங்கதான்” என்றார் பெரியப்பா.

ஐந்து முடிந்தது. சித்தி நிறுத்தவில்லை. நிறையப் பேசிவிட்டாள் அல்லவா, ஒவ்வொரு வார்த்தைக்கும் ஐந்து என்று கணக்கு வைத்துப் போடுகிறாள் என்று நான் நினைத்தேன். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியதைப் பார்த்து, கால் வலிக்கிறது போல என்றும் நினைத்தேன். சமையலறையிலிருந்து வந்த அம்மாதான் ஓடிப்போய் அவளைப் பிடித்து நிறுத்தினாள்.

“அம்மா போயிட்டாங்கக்கா” என்றாள் சித்தி. சுத்தமான தமிழ்.

தீவில் சித்தியின் தங்கை ஃபோனை அவள் அம்மாவின் காதில் வைத்திருக்கிறாள். மூச்சு இருக்கிறவரை சித்தி பேசியிருக்கிறாள்.

பெரியப்பா விழாவுக்குப் போகவில்லை. தானே கார் ஓட்டினார், வழியெல்லாம் அழுதார். தீவில் எல்லோரும் மலாயில் ஒப்பாரி வைத்தார்கள். திரும்பி வந்ததும் அவர் சட்டத்தைத் திருத்தினார். இனிமேல் சித்தி அவள் மொழியில் எப்போது வேண்டுமானாலும் பேசலாம், தோப்புக்கரணம் கிடையாது. சித்தி சரிங்க என்று தலையாட்டினாள். யாரோடு பேசுவது என்று அவள் கேட்கவில்லை. அவருக்கும் தோன்றவில்லை.

தூளியில் கிடந்தவன் இன்று பிரிக்பீல்ட்ஸ் மேடைகளில் தமிழின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசுகிறான். நன்றாகவே பேசுகிறான், கைதட்டல் அடங்க நேரமாகிறது. தாயின் மொழியில் அவனுக்கு ஒரு சொல்கூடத் தெரியாது. போன வருஷம் சித்தியிடம் கேட்டேவிட்டேன், அன்றைக்கு உங்கள் அம்மாவிடம் என்ன சொன்னீர்கள் என்று. சித்தி யோசித்துப் பார்த்தாள்.

“அதெல்லாம் தமிழ்ல எப்படிச் சொல்றதுன்னு தெரியலம்மா. அந்தப் பாஷையில மறந்துபோச்சு.”

ஒரு மொழி சாவதைப் பற்றி நாள்தோறும் பேச்சுக் கேட்டு வளர்ந்த பிள்ளை நான். அன்று சாயங்காலம் எங்கள் கூடத்தில், பிள்ளையாருக்கு முன்னால், அது நடந்துகொண்டிருந்தபோது, சித்தி எத்தனை தோப்புக்கரணம் போடுகிறாள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.