முட்டியை வைத்து என்ன செய்வதாக உத்தேசம்?

போன வாரம் ஒரு வாசகர் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். "அம்மா, மூன்று மாதமாக உங்கள் பத்தியில் எல்லாமே வீட்டுக்குள்ளேயே நடக்கிறதே... குக்கர், காக்கா, எதிர் வீட்டு மொட்டை மாடி. நீங்கள் வெளியே போவதே இல்லையா?"

உன்னிப்பான வாசகர். போவதில்லை ஐயா. இடது முட்டியில் லிகமென்ட் அறுந்துவிட்டது.

எப்படி? பஸ்ஸிலிருந்து இறங்கி.

கல்கத்தாவில் சில பஸ்கள் ஆண்களுக்காக முழுசாக நிற்பதில்லை. பெண்கள் இறங்கும்போது மட்டும் கண்டக்டர் பஸ்ஸின் தகரத்தில் இரண்டு தட்டு தட்டி, "ஆஸ்தே, லேடீஸ்!" என்று கத்துவார். மெதுவாகப் போ, பெண்கள் இறங்குகிறார்கள் என்று டிரைவருக்கு உத்தரவு. நான் இந்த ஊருக்கு வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. எனக்காக ஒரு கண்டக்டரையும் அப்படிக் கத்த விட்டதில்லை. அவர் வாயைத் திறப்பதற்குள் இறங்கிவிடுவேன். இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். வயது ஐம்பத்திரண்டு. பெருமைப்பட வேறு எதுவும் அகப்படவில்லை.

அன்றைக்கு லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். லேக் கார்டன்ஸ் ஸ்டாப்பில் வழக்கம்போல இறங்கினேன். கால் தரையில் நின்றுவிட்டது. உடம்பு மட்டும் பஸ்ஸோடு இன்னும் கொஞ்சதூரம் போகலாமே என்று நினைத்தது. முட்டிக்குள் 'டப்' என்று ஒரு சத்தம்.

கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் தண்ணீர் கொடுத்தார். ஒருவர் கண்டக்டரைத் திட்டினார். ஒரு பெண் முருங்கைக்காய்களைப் பொறுக்கி என் மடியில் அடுக்கினார். பக்கத்தில் முட்டை ரோல் போடுகிறவர், தோசைத் திருப்பியும் கையுமாக வந்தார். குனிந்து என் முட்டியைப் பார்த்தார். நிமிர்ந்தார்.

"லிகமென்ட் கேச்சே" என்றார். போயிடுச்சாம். சொல்லிவிட்டு ரோலைக் கவனிக்கப் போய்விட்டார்.

இந்த ஊர் ஆண்களுக்குக் கால்பந்து தெரியும். கால்பந்து தெரிந்தால் முட்டி தெரியும். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்து, ரிப்போர்ட் வந்து, அது ரோல்காரர் சொன்னதோடு ஒத்துப்போக நான்கு நாள் ஆயிற்று.

எங்கள் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. என்னை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்த்தி, என் கணவர் ரகுவும் பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேரும் மேலே தூக்கிப் போனார்கள். ஒவ்வொரு மாடியிலும் இருப்பவர்கள் கதவைத் திறந்து தரிசனம் செய்தார்கள். எனக்கு அழுகை வந்தது. வலியால் அல்ல. என்னை யாரோ தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்பதால். இனிமேல் இப்படித்தானோ... யாராவது கையைப் பிடித்தால்தான் வெளியே போக முடியுமோ? மற்றதெல்லாம் எனக்கு அப்புறம்தான். இந்த ஒரே கேள்விதான் பூதாகாரமாக நின்றது.

முதலில் பார்த்த டாக்டர், "முழுசா அறுந்திருக்கு. ஆபரேஷன் பண்ணிடலாம். அடுத்த வாரமேகூட" என்றார். அவசரக்காரர் இல்லை, நல்ல மனிதர். எனக்குத்தான் முடிவு எடுக்கத் தெரியவில்லை.

இங்கே ஒரு முன்கதை சொல்ல வேண்டும்.

வங்காளிகளுக்கு உடம்புக்குப் பெரிதாக ஏதாவது வந்தால், தெற்கே போவார்கள். சென்னை, வேலூர். இங்கே டாக்டர்கள் இல்லாமலில்லை. ஆனாலும் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ரயிலில் போய்க் காட்டினால்தான் காட்டியது போல இருக்கும். ஆகவே, எங்கள் தெருவில் யாருக்குக் கல்லீரல் வீங்கினாலும் இடுப்பு தேய்ந்தாலும் ஃபைலோடு என் வீட்டுக்கு வருவார்கள். நான் தமிழச்சி. எனக்குத் தெரியாமல் இருக்குமா? எந்த ரயில், எங்கே ரூம், எங்கே மீன் குழம்பு கிடைக்கும், எல்லாம் சொல்வேன். வங்காள எழுத்தில் ஒரு தமிழ்த் தாளும் எழுதி வைத்திருந்தேன். 'இங்கே வலிக்குது.' 'சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?' 'காரம் வேண்டாம்.' அதை ஜெராக்ஸ் எடுத்து எடுத்து, இப்போது எனக்கு முகமே தெரியாதவர்கள்கூட அந்தத் தாளோடு போய் வருகிறார்கள்.

ஆகவே, ரகு கேட்டதில் நியாயம் இருந்தது. "இருபது வருஷமா ஊரையே மெட்ராஸுக்கு அனுப்பினே. இப்ப நீ மட்டும் இங்கேயே காட்டிக்கப்போறியா? என்ன சொல்வாங்க?"

"அங்க போனா வெயிட்டிங் ஹால்ல நம்ம தெருவே உக்காந்திருக்கும் ரகு."

இது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. ஆபரேஷன் என்னவோ ஒரு காலைப் பொழுதுதான். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் காலைப் பழக்க வேண்டும். அந்த மாதங்களில் நான் இருக்கப்போவது லேக் கார்டன்ஸில்தானே?

நான் போகவில்லை என்ற செய்தி தரைத்தளத்துக்கு எட்டியது. அங்கே பௌதி இருக்கிறார். அண்ணி என்று அர்த்தம். அறுபத்துநாலு வயது. கணவர் காலமாகிவிட்டார். மகள் பெங்களூரில். தெருவுக்கே அண்ணி. அவர் மேலே ஏறி வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு நிமிஷம் பேசாமல் என்னையே பார்த்தார். பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் மடியில் வைத்தார். லேமினேட் செய்த தாள்.

பார்த்தால்... நான் எழுதிய தாள்!

"இதை எடுத்துட்டுப் போ, மாலதி. ரொம்ப உபயோகமா இருக்கும்னு எல்லாரும் சொல்றாங்க" என்றார் வங்காளத்தில்.

"பௌதி, எனக்குத் தமிழ் தெரியும்."

"வலியில எல்லாம் மறந்துபோகும்."

இரண்டாவதாக, ஊரின் மறுகோடியில் சால்ட் லேக்கில் ஒரு டாக்டரைப் பார்த்தோம். நரைத்த புருவம், நிதானமான ஆள். படங்களை வெளிச்சத்தில் பார்த்தார். முட்டியை முன்னால் இழுத்துப் பார்த்தார். கடைசியில் கேட்டார்:

"இந்த முட்டியை வச்சு என்ன செய்யறதா உத்தேசம்?"

யாரும் அதுவரை இதைக் கேட்டதில்லை. எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர், எப்போது... இதையெல்லாம் கேட்டார்கள். முட்டி எதற்கு என்று கேட்கவில்லை.

"பஸ்ல போகணும்" என்றேன்.

"ஏறி இறங்கணும். சரி. நிக்கற பஸ்ஸா, ஓடற பஸ்ஸா?"

ரகு இருமினார். நான் கூரையைப் பார்த்தேன். மின்விசிறி நன்றாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஓடற பஸ்னா, ஆபரேஷன் பண்ணினாலும் நான் 'வேண்டாம்'னுதான் சொல்லுவேன்" என்றார் டாக்டர். "நீங்க கால்பந்து ஆடற இருபது வயசுப் பையனா இருந்தா இந்தப் பேச்சே இல்லை. நிக்கற பஸ், மாடிப்படி, கடைத்தெரு... இதுக்குத் தொடைத் தசையை நல்லா பலப்படுத்திட்டா போதுமானதா இருக்கலாம். மூணு மாசம் பயிற்சி பண்ணுங்க. நடக்கும்போது முட்டி திடீர்னு கைவிட்டுதுன்னா, திருப்பித் திருப்பிக் கைவிட்டுதுன்னா, அப்ப ஆபரேஷன். முடிவு என் கையில இல்லை. முட்டி கையில."

நிற்கிற பஸ் என்று ஒப்புக்கொண்டேன். வெளியே வந்ததும் ரகு, "இருபத்தாறு வருஷம் நான் சொன்னேன்..." என்று ஆரம்பித்தார். ஊன்றுகோலை அவர் செருப்பின்மேல் வைத்தேன். தற்செயல்தான்.

பிறகு தனுஸ்ரீ வந்தாள். பிசியோதெரபிஸ்ட். இருபத்தாறு வயது, பின்னல், முதுகில் பை. சுருட்டிய துண்டை முட்டிக்கடியில் வைத்து அழுத்தச் சொல்வாள். பத்து எண்ணும்வரை. அவளுடைய பத்து வேறு, என்னுடைய பத்து வேறு. ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் ரகுவிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிப்பாள். ஒரு காலை நீட்டித் தூக்கு, குதிகாலைச் சறுக்கு, சுவரில் சாய்ந்து பாதி உட்கார். பார்த்தால் குழந்தை விளையாட்டு. செய்தால் வியர்வை கொட்டும்.

இந்த மூன்று மாதமும் பௌதி தினம் வந்தார். சாயங்காலம் நாலரைக்கு மணி அடிக்கும். உள்ளே வந்ததும் உடனே பேச மாட்டார். உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்து, இரண்டு நிமிஷம் மௌனம். என்னைப் பார்த்தால் அவ்வளவு துக்கமா என்று எரிச்சலாக வரும். அதன் பிறகு ஆரம்பிப்பார். "ஊசி இல்லை. மாத்திரை இல்லை. துண்டை அழுத்தறது ஒரு வைத்தியமா? சவுத்துல இப்படியா பண்ணுவாங்க?" ஒரு நாள் எலுமிச்சம்பழம் கொண்டுவருவார், ஒரு நாள் பப்பாளி, ஒரு நாள் வெறும் கையும் அறிவுரையும். ஒரு நாளாவது இவர் வராமல் இருக்கக்கூடாதா என்று நான் ரகுவிடம் சொன்னதுண்டு. எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. சொன்னேன்.

ஏழாவது வாரம், குளியலறை வாசலில் முட்டி சட்டென்று மடங்கியது. கதவைப் பிடித்துக்கொண்டேன். விழவில்லை. இதுதானா? டாக்டர் சொன்ன 'கைவிடுவது' இதுதானா? இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் நடக்காதது போல ஆகிவிடும் என்று ஒரு நப்பாசை. மூன்றாம் நாள் தனுஸ்ரீ என் முகத்தைப் பார்த்தே கேட்டுவிட்டாள். சொன்னேன். காலை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"முட்டி நழுவலை மாஷிமா. தொடையில இன்னும் பலம் வரலை, அதான் மடங்கிடுச்சு. ரெண்டு நாளா பயிற்சி செஞ்சீங்களா?"

"பயத்துல செய்யலை."

"சரி. ரெண்டு நாள் பாக்கியையும் சேர்த்து இப்ப செய்யலாம்" என்றாள்.

மாஷிமா என்றால் பெரியம்மா, சித்தி மாதிரி. பாசமான சொல். அன்றைக்கு அப்படித் தெரியவில்லை.

போன வாரம் சால்ட் லேக் டாக்டர் மறுபடி பார்த்தார். இழுத்தார், திருப்பினார், ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார். நின்றேன். ஒரு படிமேல் ஏறி இறங்கச் சொன்னார். ஏறி இறங்கினேன்.

"கொஞ்சம் தளர்வா இருக்கு. ஆனா, தசை தாங்குது. இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம். பயிற்சியை மட்டும் விட்டுடாதீங்க."

"எவ்வளவு நாளைக்கு?"

"முட்டி எவ்வளவு நாளைக்கு வேணும்?"

வீட்டுக்கு வந்து மூன்று மாடியையும் நானே ஏறினேன். கைப்பிடியைத் தொடாமல். ரகு ஒரு படி பின்னால் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டே வந்தார். நான் பார்க்காத மாதிரி ஏறினேன்.

நாலரைக்கு மணி அடித்தது. பௌதி. உட்கார்ந்தார், முகத்தைத் துடைத்தார், மௌனம். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப ஆபரேஷன் கிடையாதா?" அவர் முகத்தில் சந்தோஷமா ஏமாற்றமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"கிடையாது."

நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "அந்தத் துண்டு வச்சு அழுத்துவியே, அதை எனக்குக் கொஞ்சம் காட்டு" என்றார். புடவையை லேசாக உயர்த்தினார். வலது முட்டி உப்பலாக, ஒரு பக்கம் கோணியிருந்தது.

"எத்தனை நாளா பௌதி?"

"ரெண்டு வருஷமா."

சென்னையில் ஒரு நல்ல டாக்டர் இருக்கிறார் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். இருபது வருஷப் பழக்கம் லேசில் போகுமா? நிறுத்திக்கொண்டேன். என்னிடம் ஃபைலோடு வந்த யாரையும் நான் கேட்காத கேள்வியைக் கேட்டேன்.

"இந்த முட்டியை வச்சு நீங்க என்ன செய்யணும்?"

"பெரிசா ஒண்ணும் வேணாம். மூணு மாடி ஏறி இறங்கணும். அவ்வளவுதான்."

"உங்க வீடு தரைத்தளம்தானே?"

"உன் வீடு மூணாவது மாடி இல்லையா?" என்றார்.

அப்போதுதான் அந்த இரண்டு நிமிஷ மௌனம் எனக்குப் புரிந்தது. துக்கம் இல்லை. மூச்சு வாங்கியிருக்கிறார். மூன்று மாதமாக, வீங்கின முட்டியோடு, ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று ஏறி வந்திருக்கிறார். இந்த வீட்டில் மூன்று மாதமாக முட்டியைத் தவிர வேறு பேச்சே கிடையாது. அவருடையதை நான் ஒரு நாளும் பார்க்கவில்லை. துண்டைச் சுருட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதலில் தனுஸ்ரீ உங்களைப் பார்க்கட்டும், அப்புறம் அழுத்தலாம் என்றேன்.

மறுநாளிலிருந்து நாலரை மணிக்கு நான்தான் கீழே இறங்கிப் போகிறேன். டாக்டர் சொன்ன பயிற்சி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.