சாம்பல் மான்களைப் படம்பிடித்த சவரிமுத்து

அட்டனில் படக்கடை வைத்திருந்த சவரிமுத்து சென்ற செவ்வாய்க்கிழமை டிக்கோயா ஆஸ்பத்திரியில் காலமானார். பஸ்காரர் ஒருவர் வாசலில் இறங்கிச் சொன்னபோது நான் என் இரும்புக்கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தேன். கடையைச் சாத்தினேன். வியாபார நாளில் நான் கடை சாத்துகிறவன் அல்ல.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். தோட்டத்து மக்கள் குடியுரிமை கேட்டுப் போடும் பிரஜாவுரிமை மனுக்களுக்கு முகப்படம் எடுத்துத்தான் அவர் பிழைத்தார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசை முடிந்ததும் கமராவைத் தூக்கிக்கொண்டு குகை தேடிப் போய்விடுவார்.

எங்கள் பழக்கம் ஈயத்தாளில் தொடங்கியது. பழைய தேயிலைப் பெட்டிகளை வாங்கி விற்பதும் என் தொழில். பெட்டியின் உட்புறத்து ஈயத்தாளை மட்டும் கேட்டார். எதற்கு என்றேன். முஸ்லிம் அண்ணன் என்ற முறையில் என்னை நானா என்றுதான் கூப்பிடுவார்.

"குகைக்குள்ள வெயிலக் கூட்டிட்டுப் போகணும் நானா. வெளிச்சத்துக்கு மருந்து கொளுத்துனா சுவத்துல புகை படிஞ்சிரும்."

நம்பாமல் கூடவே போனேன். பலகையில் ஒட்டிய தாளை வாசலில் நான் பிடிக்க, இன்னொரு பலகையால் அவர் உள்ளே திருப்ப, பாறையில் வெயில் விழுந்தது. சாம்பலைக் குழைத்து விரலால் வரைந்த மான்கள். வில்லோடு ஓர் ஆள். கீழே, செதுக்கிய கற்கத்திகள். "நம்ம எல்லாருக்கும் முந்தி இங்க அடுப்பு மூட்டுனவங்க" என்றார்.

அதே குகையில் தோட்டத்து மக்கள் முனியாண்டியை வைத்துக் கும்பிட்டார்கள். ஒரு திருவிழாவுக்கு முன் பெருமாள் கங்காணி என்னிடம் சுண்ணாம்பு வாங்க வந்தார். குகை முழுக்க வெள்ளையடிக்கப் போகிறார்களாம். சுண்ணாம்பை நிறுத்து வைத்துவிட்டுச் சவரிமுத்துவுக்கு ஆள் அனுப்பினேன். படம் கழுவிய ஈரக்கையோடு ஓடிவந்தார்.

"முஸ்லிம் நானாவும் வேதக்காரரும் சேந்து எங்க முனிக்குப் பஞ்சாயத்தா?" என்று சீண்டினார் கங்காணி.

"முனிகிட்ட எனக்கு வழக்கு இல்லீங்க. அவருக்கு முந்திக் குடியிருந்தவங்களப் பத்தித்தான் பேச்சு."

"அவங்களுக்குப் பிரஜாவுரிமை இருந்திச்சாமா?"

"மனுப் போடப் படம் வேணுமில்லீங்களா? அதான் புடிக்கிறேன்."

கங்காணி சிரித்துவிட்டார். சிரித்த ஆளிடம் பேரம் பேசலாம், பேசினேன். முனி இருக்கும் பக்கம் வெள்ளையடிப்பது, மான்கள் இருக்கும் சுவரைத் தொடாமல் விடுவது, பதிலுக்குத் திருவிழாவில் லயத்து வரிசை வீட்டுக் குடும்பங்களைச் சவரிமுத்து இலவசமாகப் படமெடுப்பது என்று முடிவாயிற்று. போன திருவிழா வரை எடுத்தார். மனுவுக்கு முகம் மட்டும் போதும். அங்கேயோ பிள்ளைகுட்டி, கிடாய் எல்லாம் சேர்த்து முழுசாக எடுத்தார். பாறையை எடுத்த அதே கவனம்.

அடக்கம் முடிந்ததும் கங்காணி என்னை ஓரமாக அழைத்தார். "படம் புடிக்கிறவரு போயிட்டாரு. இனி எதுக்கு அந்தச் சுவர விட்டுவைக்கணும்னு எளவட்டப் பயலுக கேக்குறானுக. நான் என்ன சொல்லட்டும் நானா?"

பின்னால் நின்ற சவரிமுத்துவின் மனைவி ரோசம்மா முக்காட்டைச் சரிசெய்தார். "அவரு குகைக்குப் போன ஞாயித்துக்கிழமையெல்லாம் கடையில ஒங்க ஆளுங்களப் படம் புடிச்சது யாருன்னு நெனச்சீங்க?"

கங்காணி தலைப்பாகையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

போய் வாருங்கள், சவரிமுத்து. கல்லறை ஓரத்திலேயே பேசி முடித்துவிட்டோம். திருவிழாவுக்குக் கமராவோடு ரோசம்மா போவார். ஃபிலிமும் படம் அச்சிடும் தாளும் என் பொறுப்பு. குடும்பத்துக்கு ஒரு படம். மான்கள் இருக்கும் சுவருக்குச் சுண்ணாம்பு கிடையாது.