வினோவுக்குக் காரம் ஆகாது

இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ இருக்கும். கல்யாணமாகி கோயமுத்தூரிலிருந்து புனே வந்து, கசார்வாடியில் ஒரு சின்ன ஃப்ளாட்டில் குடியிருந்தோம். என் கணவருக்குச் சாகண் பக்கம் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. கம்பெனி ஸ்பெயின்காரர்களுடையது.

கல்யாணத்துக்கு முன்பே அவரிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பாட்டில் என்று எதுவும் வீட்டு வாசப்படி ஏறக் கூடாது. என் அப்பாவின் குடியால் நாங்கள் பட்ட பாடு எனக்குப் போதும். அவரும் சத்தியம் செய்துகொடுத்தார், அதன்படியே நடந்தும் வந்தார். அதனால் அவர்மேல் எனக்குச் சந்தேகம் என்பதே கிடையாது, அந்த ஃபோன் பேச்சு காதில் விழும்வரை.

துணி எடுக்கப் பால்கனிக்குப் போனேன். அவர் செல்ஃபோனில் யாரோ ஆபீஸ் நண்பரிடம் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்.

"வினோ ஞாயித்துக்கிழம வந்துருமுங்களா? வினோவுக்கு மட்டன்தான் சேருமா, மீன் ஆகாதுங்களா? சரிங்க, காரத்தைக் கொறச்சுக்கச் சொல்றேன். மெதுவாப் பேசுங்க, எங்கூட்டுல தெரிஞ்சா அவ்வளவுதான்."

எங்கள் ஊர்ப் பக்கம் சின்ன வயதுப் பெண்களை 'வந்துரும், போயிரும்' என்றுதான் சொல்வோம். வினோதினி என்று பெயர் வைத்தால் வினோ என்றுதான் கூப்பிடுவோம். என்னோடு படித்தவர்களிலேயே ரெண்டு வினோ உண்டு. எடுத்த துணியை மறுபடி கொடியிலேயே போட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவர் செய்ததெல்லாம் தப்பாகவே பட்டது. சட்டையை மோந்து பார்த்தேன். மெஷின் ஆயில் வாசம்தான் வந்தது, அதையும் நம்பவில்லை. குளிக்கும்போது பாடினால் சந்தேகம், பாடாவிட்டால் அதைவிடச் சந்தேகம். யார் அந்த வினோ என்ற கேள்வி வாய்வரை வரும். ஆமாம் என்று அவர் சொல்லிவிட்டால் நான் எங்கே போவேன்? அப்பா வீட்டுக்கா?

அந்த வாரக் கடைசியில் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். "ஞாயித்துக்கிழம எங்க பெரிய ஆபீசர், ஸ்பெயின்காரரு, சாப்பிட வர்றாரு. மட்டன் சுக்கா பண்ணிரு கண்ணு. காரம் மட்டும் கம்மியாப் போடு."

ஆபீசராம்! அவரோடு ஒட்டிக்கொண்டு வரப்போவது யார் என்று எனக்கா தெரியாது? என் கையாலேயே ஆக்கி அவளுக்குப் பரிமாற வேண்டுமாம். இந்த ஊரில் லவங்கி மிர்ச்சி என்று ஒரு குட்டி மிளகாய் கிடைக்கும். ஒன்றைக் கடித்தாலே காதில் புகை வரும். ஒரு கைப்பிடி அள்ளி மிக்சியில் போட்டேன். வினோவுக்குக் காரம் ஆகாதாமே, பார்த்துவிடலாம்.

ஞாயிறு மத்தியானம் ஆபீசர் வந்தார், கையில் ஒரு துணிப்பையோடு. பின்னால் யாரும் இல்லை. மாடிப்படி வரை எட்டிப் பார்த்தேன். அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. என் கணவரைப் பார்த்து, "வினோ எங்கீங்க?" என்று கேட்டே விட்டேன்.

அவர் முகம் வெளுத்துப்போனது. வந்தவரோ முகமெல்லாம் சிரிப்பாக, "வினோ! வினோ!" என்று பையிலிருந்து கருஞ்சிவப்பாக ஒரு பாட்டிலை எடுத்து என் கையில் கொடுத்தார். அவர்கள் பாஷையில் ஒயினுக்கு அதுதான் பெயராம். அவருடைய ஊர்த் திராட்சையாம். அங்கே ஆட்டுக்கறிக்கும் சீஸுக்கும் அதுதான் ஜோடியாம்.

எந்தப் பாட்டிலைக் கண்டாலே எனக்கு ஆகாதோ, அதைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அவ்வளவு நிம்மதி.

பாவம் அந்த மனிதர். ஒரு வாய் சுக்கா, ஒரு மடக்கு ஒயின். காரத்தின்மேல் ஒயின் பட்டு இன்னும் எரிந்திருக்க வேண்டும். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வழிய, அப்போதும் "குட், குட்" என்றார். நான் ஓடிப்போய்த் தயிர்சாதம் பிசைந்து வந்தேன். அவர் அதைத்தான் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். என் கணவர் பாட்டிலைத் தொடவே இல்லை.

விருந்தாளி போனதும் என் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கொண்டுவர வேண்டாம்னு பெரிய ஆபீசர்கிட்ட எப்படிச் சொல்றது? உனக்குப் புரியக் கூடாதுன்னுதான் ஒயினை அவங்க பாஷைல வினோன்னு பேசிக்கிட்டோம். நீ கண்டுபிடிச்சும் சண்டை போடாம, வந்தவரு மனசு நோகக் கூடாதுன்னு நீயே கேட்டியே கண்ணு!"

நான் எச்சில் தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன். என் பெரிய மனசைப் பற்றி அவர் சொந்தக்காரர்களிடமெல்லாம் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒரு வாரம் அவர் ஒரு பாட்டிலை மறைத்ததற்கே அப்படித் துடித்தவள், இத்தனை வருடமாக அவரிடம் ஒரு வினோவை மறைத்துக்கொண்டிருக்கிறேன் என்பது, அவர் என்னைப் புகழும் ஒவ்வொரு முறையும் சுள்ளென்று உறைக்கிறது.